தபால்காரர் வீட்டு மெஷின்

அந்தத் தெருவில் அலாரம் வைத்துத் தூங்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. மெஷின்காரர் இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு? அவர் பழுது பார்த்து முடித்த மரம் அறுக்கும் மெஷின் எதுவாக இருந்தாலும் ஒரு ராத்திரி அவர் வீட்டிலேயே ஆறிக் கிடக்க வேண்டும். காலையில் பல்கூடத் துலக்காமல் பின்பக்கம் போய், சில்லிட்டுக் கிடக்கும் மெஷினின் கயிற்றை இழுப்பார். சூடாக இருக்கும்போது எந்த மெஷினும் ஓடிவிடும், அதில் என்ன பெருமை என்பது அவர் கட்சி. ஆறிப்போனது எழுந்து உறுமினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அது உறுமும்போது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் எழுந்து கூடவே உறுமும்.

வேலையில் இருந்தவரை அவர் ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் பம்ப் ஓட்டினார். ஒரு புயலில் பெரிய மரம் ஒன்று குழாய்மேல் விழ, அதை அறுக்க நிலையத்தில் இருந்த பழைய மெஷினை எடுத்தார்கள். அது இருமியது, தும்மியது, படுத்துக்கொண்டது. தூக்கி எறியச் சொன்னார் மேலதிகாரி. இவர் எறிகிறேன் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஒண்ணே ஒண்ணுதான்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த ஒன்று இப்போது துணி துவைக்கும் அறை முழுக்கப் பரவி, அலமாரியில் ஏறி, வாஷிங் மெஷின் தலைமேலும் உட்கார்ந்துவிட்டது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். அந்தப் பொறுமை எங்கே பழகியது என்று ஊருக்குத் தெரியாது. டீ வடிகட்டியில் கார்புரேட்டரின் குட்டித் திருகுகள் கிடக்கும். பல் துலக்கும் பிரஷ் காணாமல் போனால் அது ஏதோ ஒரு மெஷினின் பல்லைத் துலக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒருமுறை விருந்தாளிகள் வரும் நாளில் பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால், பட்டாணிப் பொட்டலத்துக்கு நடுவே துணியில் சுற்றிய பேரிங். சந்தேகத்தோடு ஓவனைத் திறந்தால், கேக் இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் கூடு சூடாகிக்கொண்டிருந்தது. பேரிங் குளிரில் சுருங்கும், கூடு சூட்டில் விரியும், அப்போது அடிக்காமல் கொள்ளாமல் தானாக உள்ளே போய் உட்காரும் என்று அவர் விளக்கினார். "ரொம்ப சந்தோஷம். வர்றவங்களுக்கும் அதையே பரிமாறிடுங்க" என்றாள் அந்தப் பொறுமைசாலி.

ஆனால் வேலை சுத்தம். அதை யாராலும் மறுக்க முடியாது. கெட்டுப்போன பெட்ரோலை மோந்தே எத்தனை காலம் டாங்கில் தூங்கியது என்று சொல்லிவிடுவார். செயினின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ஒரே அளவாகத் தீட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு செயினைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்து மறுபடி மாட்டுவார். கார்புரேட்டர் திருகுகளைச் சரியான இடத்தில் நிறுத்தியதும், அவற்றின் தலையில் மனைவியின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைப்பார். அதிர்வில் திருகு நகர்ந்தால் பூச்சு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். டியூட்டியில் நகப்பூச்சு கூடாது என்பதால் அவளுக்கு அது பயன்படுவதே இல்லை. கடையில் மாதுளை நிறத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, வாங்கிவிடுவாள். ஊரிலேயே அழகாக நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தவை மரம் அறுக்கும் மெஷின்கள்தான்.

'அவர் கைபட்டது திரும்பி வராது.' இப்படி ஒரு பேர் அவருக்கு இருந்தது. அவர் வாய்விட்டு இதைச் சொன்னதில்லை. யாராவது சொன்னால் காது கேட்காதவர்போல இன்னொரு தடவை சொல்ல வைப்பார். அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தது பின்தெருத் தபால்காரரின் மெஷின்.

தபால்காரரும் ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, மெஷின்காரர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே கதை அளப்பார். தபால் வேலைக்கு முந்தி இளவயசில் காட்டில் மரம் வெட்டும் முகாமில் இருந்தவராம். வானத்தைத் தொடும் மரங்களாம், இவர் கைவைத்தால் சொன்ன திசையில் விழுமாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி இதையே கேட்டு வந்திருக்கிறாள். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கிழட்டு மரம் நிற்கிறது. அதன் வேர் சாக்கடைக் குழாயைப் பிளந்துவிட்டது, கிளை சமையலறைக் கூரையில் படுத்துவிட்டது. "காட்டையே சாய்ச்ச மனுஷன், இந்த ஒண்ணைச் சாய்க்க மாட்டீங்களா?" என்றாள். வெளியாள் வைக்கலாம் என்று தபால்காரர் சொல்லிப் பார்த்தார். "வீட்டுல இப்படி ஒரு ஆளு இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்று அவளே யாரிடமோ சொல்லிப் பழைய மெஷின் ஒன்றையும் வாங்கி வரவழைத்துவிட்டாள்.

மெஷின் பழுது பார்க்க வந்தது. மெஷின்காரர் பார்த்தார், காலையில் ஓட்டினார், கொடுத்தார். சில நாளில் தபால்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்.

"அண்ணே, நின்னு போச்சு."

டாங்கில் தண்ணீர் கலந்திருந்தது. மழையில் வைத்திருப்பார் என்று மெஷின்காரர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு துடைத்துக் கொடுத்தார். மறுபடி வந்தது. டாங்குக்குள் பெட்ரோல் குழாய் கழன்று கிடந்தது. தன் கையாலேயே மாட்டிய குழாய். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த தடவை வந்தபோது மரக் கான்ட்ராக்டர் அங்கே இருந்தார். ஊரில் பெரிய மரம் எதுவானாலும் அவர் ஆட்கள்தான் வெட்டுவார்கள், அவர்களுடைய மெஷின் எல்லாம் இங்கேதான் பழுதுக்கு வரும். தபால்காரர் மெஷினைக் கீழே வைத்ததும் கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, செயினைத் திருப்பி மாட்டிருக்கீங்களே! இது மரத்தை அறுக்குமா, தடவிக் குடுக்குமா?"

மெஷின்காரர் குனிந்து பார்த்தார். எல்லாப் பல்லும் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. தொழில் கற்க வந்த முதல் நாளில் செய்யும் தப்பு அது. காலையில் ஓட்டிப் பார்த்தது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் எண்ணெயில் ஊறவைத்து மறுபடி மாட்டியதும் அவரேதான். அந்தக் கடைசி மாட்டலை அவர் சோதிப்பதில்லை. இத்தனை காலத்தில் அதற்குத் தேவையே வந்ததில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தபால்காரர் தன் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கான்ட்ராக்டரின் ஆள் வந்து, பழுது பார்க்கக் கொடுத்திருந்த மெஷின்களை முடித்தது முடிக்காதது என்று பார்க்காமல் அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கடைத்தெருவில் புதிதாக ஒரு சர்வீஸ் சென்டர் திறந்திருக்கிறதாம், கண்ணாடிக் கதவாம், ஏசியாம்.

அன்று மெஷின்காரர் சமையலறையில் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கை போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார் மனைவியிடம். "கண்ணும் சரியில்ல, ஞாபகமும் சரியில்ல. செயினைத் தலைகீழா மாட்டிருக்கேன். நான் இனிமே எதுக்கு?"

இதுவரை அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கிண்டல் செய்ய வந்த வாயை மூடிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"வேற யார் மெஷினாவது திரும்பி வந்துச்சா?"

"இல்ல."

"இவருது மட்டும்தானே? எங்க வார்டுல சில பேரு இருப்பாங்க. நல்லாத் தேறி வருவாங்க. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு சொன்ன உடனே வயித்துவலி வந்துடும். அப்ப நாங்க வயித்தைப் பாக்க மாட்டோம். கூட்டிட்டுப் போக யாரு வந்திருக்காங்கன்னு பாப்போம்."

மெஷின்காரருக்கு இது முதலில் ஏறவில்லை. ஏறியதும் கோபம் வந்தது. தபால்காரரே கெடுத்துக் கொண்டுவருகிறாரா? அந்த வாளியில் உட்கார்ந்து, தினமும் தன் வீட்டு டீயைக் குடிக்கிற மனிதரா? சீ, இருக்காது. ஆனாலும் இந்தத் தடவை நகப்பூச்சை எடுத்து, ஒரு திருகு, ஒரு நட்டு விடாமல் சொட்டு வைத்தார். மெஷின் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல ஆயிற்று. அப்படியே கொடுத்தனுப்பினார்.

எதிர்பார்த்த மாதிரியே திரும்பி வந்தது. "என்னமோ தெரியல அண்ணே, இதுக்கு நம்ம வீடு ராசியில்ல போல" என்று தபால்காரர் வாளியில் உட்காராமலேயே போய்விட்டார். மெஷின்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். எல்லாச் சொட்டும் விரிசல் விடாமல் இருந்தது. கார்புரேட்டர் திருகு மட்டும் பெட்ரோல் போக வழியில்லாமல் கடைசிவரை இறுகிக் கிடந்தது, அதன்மேலும் சொட்டு அப்படியே இருந்தது. ஆக, தப்பு தன் கையில்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டியூட்டி முடிந்து வந்த மனைவி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது யாரோடதுங்க?"

"எது?"

"இந்தத் திருகுமேல இருக்கிறது என் நகப்பூச்சு இல்ல. என்னோடது மாதுளை. இது ரோஸ். அதுவும் மட்டமான ரோஸ். உண்மையைச் சொல்லுங்க, இந்த வயசுல யாரோட சகவாசம்?"

அவர் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அப்போதும் ரெண்டும் சிவப்பாகத்தான் தெரிந்தன. ஆனால் நகப்பூச்சு விஷயத்தில் அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மெஷினை இறக்கி வைத்த தபால்காரரின் கட்டைவிரல் நகத்தில் ஏதோ சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாவம், காயம்போல என்று நினைத்திருந்தார்.

அவருக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. தன் கை போகவில்லை என்ற நிம்மதி. எழுந்து நின்று அந்தக் கையாலேயே மனைவியின் கன்னத்தைத் தட்டினார். கன்னத்தில் கிரீஸ் அப்பியது. கோபம் அதற்குப் பிறகு நிதானமாக வந்தது.

திருகைச் சரிசெய்து, வழக்கம்போல ஆறவைத்து, காலையில் ஓட்டிப் பார்த்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரே பின்தெருவுக்குப் போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். தபால்காரர் பின்பக்கம் மரத்தடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். மெஷின்காரர் திருகைக் காட்டி, "நகப்பூச்சு எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தபால்காரர் துடைப்பத்தைக் கீழே போட்டார். வேர்மேல் உட்கார்ந்தார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நான் காட்டுல ஒரு மரம்கூட வெட்டுனதில்ல."

"முகாம்ல இருந்தேன்னீங்க?"

"இருந்தேன். சமையல் கூடாரத்துல. உருளைக்கிழங்கு உரிச்சேன். மரம் விழுற சத்தம் கேட்டா கூடாரத்துக்குள்ளயே பாத்திரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு, ஏதோ பெருமைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவ கண்ணு அப்படி விரிஞ்சுது. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? இந்த மெஷினைக் கையில எடுத்தாலே எனக்குக் காலு நடுங்குது. இது ஓடுற மாதிரி இருந்தா நான் வெட்டியாகணும். வெட்டுனா மரம் என்மேலதான் விழும்."

ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் மெஷின்காரருக்கு மறந்துபோயிற்று.

"உங்களுக்குக் கெட்ட பேரு வரும்னு நினைக்கல அண்ணே" என்றார் தபால்காரர். "செயினைத் திருப்பி மாட்டும்போது அந்த ஆளு அங்க இருப்பான்னு எனக்குத் தெரியாது. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. தபால்காரரின் மனைவி வந்தாள். கூடவே கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மரக் கான்ட்ராக்டர்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணே" என்றாள் அவள். "எனக்கு அலுத்துப்போச்சு. இவரை வரச் சொல்லிட்டேன். ஆனா உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். மெஷின் சரியாயிருந்தா இன்னைக்கே எங்க ஆளு வெட்டிடுவாரு, எதுக்கு வெளியாளு? மெஷின் தேறுமா, தேறாதா?"

தபால்காரர் இலைக்குவியலைப் பார்த்தார். மெஷின்காரர் தன் கையில் இருந்த மெஷினைப் பார்த்தார். பத்து நிமிஷம் முந்திக்கூட ஒரே இழுப்பில் எழுந்த மெஷின். தேறாது என்று சொன்னால் கான்ட்ராக்டர் வாங்கி ஒரு இழுப்பு இழுப்பார், அது பாட்டுக்கு ஓடிவிடும். தேறும் என்றால் இந்த மனிதர் நடுங்கும் காலோடு அந்த மரத்தடியில் நிற்க வேண்டும். மெஷின்காரர் வாயைத் திறந்தார்.

"மெஷின் நல்ல மெஷின்தாம்மா. கோளாறு அதுல இல்ல, என் கையில. கண்ணு தெரியல, செயினையே திருப்பி மாட்டுறேன். நான் தொட்ட மெஷினை நம்பி யாரும் மரத்தடியில நிக்க வேண்டாம். கான்ட்ராக்டரையே வெட்டச் சொல்லிடுங்க."

"அப்பாடா, இப்பவாவது ஒத்துக்கிட்டாரே!" என்றார் கான்ட்ராக்டர்.

மெஷின்காரர் மெஷினை அங்கேயே சுவரோரம் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். மனைவியிடம் சொன்னபோது அவள் வெடித்தாள். "அவரு மானத்தைக் காப்பாத்த உங்க மானத்தைக் கழட்டிக் குடுத்துட்டு வந்தீங்களா? அவரு பயந்தாங்கொள்ளின்னா அது அவரு பாடு. உங்களுக்கு இருந்தது இது ஒண்ணுதானே!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொல்ல இருந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள்.

கான்ட்ராக்டர் வாய் சும்மா இருக்குமா? பெரியவரே தன் வாயால் சொன்னார் என்று கடைத்தெருவெல்லாம் பரப்பினார். அந்த வாரம் ஒரு மெஷின்கூட வரவில்லை. பழுதுக்கு வந்திருந்தவையும் ஒவ்வொன்றாக ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பின. அலமாரி காலியானது. மனைவி நெடுநாளாகக் கேட்டு வந்த இடம் துணி துவைக்கும் அறையில் கிடைத்தது. அதைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. சாயங்காலம் வாளி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. காலையில் தெரு நேரம் தப்பி எழுந்தது.

மரம் வெட்டும் நாள் வந்தது. மரம் விழுவதை வேடிக்கை பார்க்கத் தெருவே பின்தெருவில் கூடிவிட்டது. மெஷின்காரருக்குப் போக மனமில்லை. மனைவிதான் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "ஒளிஞ்சுக்கிட்டு இருந்தா சொன்னதெல்லாம் நிஜம்னு ஆயிடும். வாங்க." போய்க் கூட்டத்தின் ஓரமாக நின்றார்கள்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் இவரைப் பார்த்துவிட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார். "வாங்க பெரியவரே! சும்மாதானே இருக்கீங்க, கயிறு பிடிக்க ஆளு தேவைப்படுது. அதுக்குக் கண்ணு வேண்டாம், கை ஓரளவு இருந்தாப் போதும்!" நாலைந்து பேர் சிரித்தார்கள். மெஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசற்படியில் நின்ற தபால்காரர் சுவரோரம் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த மெஷின் இருந்தது. தரையில் வைத்து, பின்பிடியில் காலை நுழைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தார். செயின் பிரேக் போட்டிருக்கிறதா என்று மெஷின்காரர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டார். போட்டிருந்தது. முதல் இழுப்புக்கு அது ஒரு இருமல் இருமியது. அடுத்த இழுப்புக்கு எழுந்து உறுமியது. அவ்வளவு நாள் சுவரோரம் ஆறிக் கிடந்த மெஷின், தூங்கி எழுந்த குழந்தைபோலப் பிசிறில்லாமல் எழுந்தது. தபால்காரர் அதை இரு கையாலும் நெஞ்சோடு தூக்கிப் பிடித்தார். கால் நடுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணைத் திறக்காமல் ஏதோ கத்தத் தொடங்கினார்.

வாய் அசைந்தது. ஒரு வார்த்தையும் யாருக்கும் கேட்கவில்லை. பயத்தில் விசையை வேறு அழுத்திப் பிடித்திருந்தார். பிரேக் போட்டபடி விசையை அழுத்தினால் கிளட்ச் கருகிப்போகும். மெஷின்காரரின் மூக்குக்கு அந்த வாடை வந்துவிட்டது. அந்த நேரத்திலும் அவருக்குக் கிளட்சுக்காக வயிறு எரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனார். கிட்டே போன பிறகுதான், மெஷினை எங்கே அணைப்பது என்று தபால்காரருக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. தபால்காரர் கத்திய வார்த்தைகளும் மெஷின்காரர் ஒருவருக்கு மட்டும் கேட்டன.

தபால்காரரின் விரல்களை விசையிலிருந்து பிரித்துவிட்டு, கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளினார். தெரு அமைதியானது.

"என்னவாம்? என்ன சொன்னாரு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"போதும் தம்பி" என்றார் மெஷின்காரர் காதோரமாக. "யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு, அது போதும். விட்டுடுங்க."

தபால்காரர் கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கடைசி ஆள்வரை கேட்டது.

"இந்த மெஷினை இவரு ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் குடுத்தாரு. தண்ணி ஊத்துனது நான், குழாயைப் பிடுங்குனது நான், செயினைத் திருப்பி மாட்டுனதும் நான். எனக்கு மரம் வெட்டத் தெரியாது. காட்டுல நான் உருளைக்கிழங்கு உரிச்சேன். இவரு கை எங்கேயும் போகல. என்னைக் காப்பாத்த அன்னைக்கு அப்படிச் சொன்னாரு."

கான்ட்ராக்டர் கயிற்று முடிச்சைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். தபால்காரரின் மனைவி படியிறங்கி வந்தாள்.

"ஏன் மனுஷா, உருளைக்கிழங்கை இத்தனை சன்னமாத் தோல் சீவுற மரவெட்டியை உலகத்துல யாரு பாத்திருக்கா? எனக்கு அது கல்யாணமான மறுமாசமே தெரியும். நீங்களா என்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அந்த மரத்தை வச்சாவது வாயைத் திறப்பீங்கன்னு பாத்தா, இந்த மனுஷர் பொழைப்புல கைய வச்சிருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு மெஷின்காரர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தபால்காரரும் அசடு வழியச் சிரித்தார். மெஷின்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சூடு ஆறாத மெஷினை அணைத்துப் பிடித்தபடி நின்றார், கண் நிறைந்து வழிந்தது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் வேலையாக இருந்தது. மனைவிதான் வந்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.